எதிர்மலைக்குக் கேட்ட பாட்டு

அவங்க பேரு எனக்குத் தெரியும். ஆனா சொல்லப் போறதில்ல. பேரச் சொல்லிக் கூப்புட்டா அவங்களே திரும்ப மாட்டாங்க. "ஆயம்மா"ன்னாத்தான் திரும்புவாங்க. எங்க தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பிள்ள பாத்தவங்க. தாய்மாருங்க காலையில கொழுந்தெடுக்கப் போகையில கைப்பிள்ளைங்கள அங்க விட்டுட்டுத்தான் போவாங்க. என் மகனும் அவங்க கட்டுன தொட்டில்ல கெடந்தவன்தான். அவங்க என்னவிட நாலஞ்சு வயசு மூப்பு, அதனால நான் மட்டும் அக்கான்னு கூப்புடுவேன்.

பிள்ள பாத்த கதை எல்லாத் தோட்டத்து ஆயம்மாவுக்கும் இருக்கும். இவங்களுக்குப் பாட்டுக் கேட்ட கதை ஒண்ணு இருக்கு. அதத்தான் சொல்ல வந்தேன்.

யாராச்சும் பாட ஆரம்பிச்சா அக்கா எந்திரிச்சுத் தூரமாப் போயிருவாங்க. போயி, பாடுறவங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாங்க. தலைய ஆட்ட மாட்டாங்க, தாளம் போட மாட்டாங்க. ரெண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கிட்டு, அந்தாண்ட நமுனுகுல மலையப் பாத்த மாதிரி ஒரு நிப்பு. ஒருக்கா பண்டாரவளையிலயிருந்து ஒரு பாட்டு வாத்தியார் எங்க கோயிலுக்கு வந்து பாடுனாரு. அக்கா எந்திரிச்சுப் போனதப் பாத்து மனுசனுக்கு மொகமே சுருங்கிப் போச்சு. பாடி முடிச்சதும், "ஏம்மா, என் பாட்டு அவ்வளவு மோசமா?"ன்னு கேட்டுட்டாரு.

"ஐயோ இல்லீங்க சாமி. நல்லாத்தான் இருக்கு. அந்தப் பீலி வரைக்கும் வந்திச்சு. அதுக்கு அங்கிட்டு வரல."

பீலின்னா நாங்க தண்ணி புடிக்கிற எடம். கோயில்லயிருந்து நூறு எட்டு இருக்கும். வாத்தியாருக்கு அது பாராட்டா ஏச்சான்னு வெளங்கல. எனக்கும் அப்ப வெளங்கல.

"முன்னுக்கு ஒக்காந்தா மூஞ்சியத்தான் தம்பி பாப்போம்"னு அக்கா சொல்லுவாங்க. "மூஞ்சி நல்லா இருந்தா பாட்டும் நல்லா இருக்குற மாதிரியே தெரியும்."

அவங்க பாடி நான் கேட்டதில்ல. தொட்டில ஆட்டுறப்பகூட "ம்ம்... ம்ம்"னு ஒரு மொணகல், அவ்வளவுதான். அதுக்கே பிள்ளைங்க தூங்கிரும். என்ன மருந்தோ.

தொண்ணூறாம் வருஷத்துக்கு மேல இருக்கும். வருஷம் சரியா எனக்கு ஞாபகமில்ல, என் மக வயசுக்கு வந்த வருஷம்னு வச்சுக்கங்க. அதுவரைக்கும் ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியாத் திருவிழா வச்சு, தனித்தனியா ஒரு பாட்டுக் கோஷ்டியக் கொண்டாந்து, உன் கோஷ்டி பெருசா எங் கோஷ்டி பெருசான்னு கடைசியில மண்டைய ஒடச்சுக்கிட்டுத்தான் போவானுங்க. ஒரு வருஷம் ஒருத்தன் மிருதங்கத்துக்குள்ள கால விட்டுட்டான். அது வேற கதை. அப்பத்தான் எட்டுத் தோட்டத்துத் தலைவருங்களும் லுணுகலையில ஒரு சாப்பாட்டுக் கடையில கூடி, இனிமே எட்டுக்கும் சேத்து ஒரே பாட்டு விழான்னு முடிவு பண்ணாங்க. எங்க தோட்டத்து மைதானந்தான் பெருசு, அதனால எங்க தோட்டத்துல.

எங்க மைதானத்த நீங்க பாக்கணும். கிண்ணத்துக்கு அடி மாதிரி இருக்கும். சுத்திவர மலை. ஒரு பக்கம் ஸ்டோரு. தேயில அரைக்கிற பெக்டரியத்தான் நாங்க ஸ்டோருன்னு சொல்றது. மறுபக்கம் ஆறு, ஆத்துக்கு அங்கிட்டு எதிர்மலை. எதிர்மலையில பாதி ஒயரத்துல அக்காவோட பிள்ளைக்காம்பரா. அதுக்கும் மேல தொங்க லயம், தோட்டத்துக் கடைசி வரிசை வீடுங்க, அதோட தோட்டம் முடிஞ்சிச்சு. மைதானத்துலயிருந்து அங்க ஏறி முடிய முக்கா மணித்தியாலம் புடிக்கும், அதுவும் காலு நல்லா இருக்குறவனுக்கு.

காலையில பூசைய முடிச்சிட்டு ஆரம்பிச்சா, பொழுது சாயுற வரைக்கும் செட்டு மேல செட்டு. செட்டுன்னா பாட்டுக் கோஷ்டிதான். பதுளையிலயிருந்து வரும், பசறையிலயிருந்து வரும், மொனராகலையிலயிருந்து ஒரு செட்டு ரெண்டு பஸ் மாறி மேளத்த மடியில வச்சுக்கிட்டு வரும். ஆறரைக்கெல்லாம் முடிச்சிரணும். அப்ப ரோட்டுல எங்க பாத்தாலும் செக்பொயின்ட், ஆளுங்க நேரத்தோட வீடு சேரணும்.

கடைசியாப் பாடுறதுதான் பெரிய செட்டு. சண்டையெல்லாம் அதுக்குத்தான். கடைசி செட்டு எந்தப் பாட்டப் பாடுதோ, அந்த வருஷம் பூராவும் எட்டுத் தோட்டத்து மலையிலயும் அந்தப் பாட்டுத்தான் ஓடும். கொழுந்து எடுக்குற பொம்பளைங்க வாயில அதுதான், ஸ்டோருல அரைக்கிறவன் வாயிலயும் அதுதான். அதோட கொழும்புலயிருந்து ஒரு கோஷ்டி முதலாளி வருவாரு. மத்தியானம் சோத்தத் தின்னுட்டு வேனுக்குள்ள நல்லாத் தூங்கிருவாரு. கடைசி செட்டுக்கு மட்டும் எந்திரிச்சு வந்து கேப்பாரு. புடிச்சிச்சுன்னா அந்தப் பொடியனக் கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு.

மொத வருஷம் கடைசி செட்டு கொழும்புலயிருந்தே வந்திச்சு. அலுமாரி கணக்கா ஸ்பீக்கரு. நாங்க எல்லாம் முன்னுக்கு நின்னு ஆடுனோம். நான் ஆடுன ஆட்டத்துல எஞ் சாரமே அவுந்து போச்சு. மறுநா காலையில பெரட்டுக்கு, வேல பிரிச்சுக் குடுக்குற களத்துக்கு, எல்லாரும் வந்து நிக்கிறோம். எங்க தோட்டத்துத் தலைவரு நெஞ்ச நிமித்திக்கிட்டு அக்காகிட்டக் கேட்டாரு. அவங்க நேத்து விழாவுக்கு எறங்கல, மத்தவங்க பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு மேலயே இருந்துட்டாங்க.

"என்னா ஆயம்மா, எதிர்மலைக்கே கேட்டிருக்குமே?"

"கேட்டிச்சு தலைவரே. தகரத்து மேல புளியங்கொட்டையக் கொட்டுன மாதிரி கேட்டிச்சு. ஒரு வார்த்த வரல."

எல்லாம் சிரிச்சிட்டானுங்க. தலைவருக்கு மூக்கு செவந்து போச்சு.

"ஆனா மத்தியானம் போல ஒரு பொடியன் பாடுனான் பாருங்க, அவன் வந்தான். ஆத்தத் தாண்டி, எங்க வாசல் வரைக்கும் வந்தான். தொங்க லயத்துக் கங்காணித் தாத்தா கம்பளிய ஒதறிட்டு எந்திரிச்சு ஒக்காந்தாரு."

"மைதானத்துல ஆடுன சனத்தையெல்லாம் விட்டுட்டு, மலையில படுத்துக் கெடக்குற நாலு பேருக்கா ஆயம்மா நாங்க விழா வைக்கிறோம்?"

"பந்தலுக்கு மூங்கி வெட்டிச் சொமந்தது தொங்க லயத்துப் பொடியனுங்கதானே? அவனுங்களப் பெத்தவங்கதான் அந்த நாலு பேரு."

அடுத்த வருஷம், ஆயம்மா சொன்னதக் கேட்டுத்தான் பாப்போமேன்னு அந்த மத்தியானப் பொடியனையே கடைசியில போட்டாங்க. அவன் பாடுனப்ப யாரும் ஆடல. முன்னுக்கு நின்ன நாங்களே வாயத் தொறந்துக்கிட்டு நின்னோம். பனி எறங்கி வந்து ஆளுங்க தலையில ஒக்காருது, ஒருத்தன் நகரல. மறுநாள் கொழுந்து மலை முழுக்க அந்தப் பாட்டு. அதுக்கப்புறம் யாரக் கடைசியில போடுறதுங்கிறது அக்கா கைக்குப் போயிருச்சு.

விழாக் கமிட்டியில செக்கட்டரி யாரு தெரியுமா, ஆபீஸ்ல இருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கரய்யா. நல்ல மனுசன், சங்கீதம் தெரிஞ்சவரு. அவருக்கு இது பொறுக்கல.

"தலைவர், அவ சங்கீதம் படிச்சவவோ?"

"இல்லீங்கய்யா, பிள்ள பாக்குறவங்க."

"அப்ப அவவுக்கு என்னெண்டு தெரியும் எது நல்ல செட் எண்டு? விசர்க் கதை கதைக்கிறியள்."

"தெரியாதுங்கய்யா. ஆனா கேக்குதுங்க அவங்களுக்கு."

கிளாக்கரய்யா தலையில கைய வச்சுக்கிட்டாரு.

விழாவுக்கு ஒரு மாசம் முன்னுக்கு, ஒரு ஞாயித்துக்கெழமையில கடைசி எடம் கேக்குற செட்டுங்க எல்லாம் மைதானத்துக்கு வந்து ரெண்டு பாட்டு பாடிக் காட்டணும். அக்கா எதிர்மலையில, பிள்ளைக்காம்பரா வாசல்ல. பொம்பள ஆளு தனியா நிக்கக்கூடாதுன்னு தொணைக்கு என்னைய அனுப்புவாரு தலைவரு. ஏன் என்னையன்னா, நான் கவ்வாத்து வெட்டுறவன், தேயிலச் செடியோட பேசிப் பேசி எனக்கு வாய் கம்மி. இப்பத்தான் இப்புடிப் பேசுறேன்.

பாட்டு முடிஞ்சதும் அக்கா இடுப்புல சுத்தியிருக்குற படங்க அவுப்பாங்க. செடி குத்தாம பொம்பளைங்க இடுப்புல கட்டுற சாக்குத்தான் படங்கு. அக்காவோடது வெள்ள ஒரச் சாக்கு, தூரத்துக்கே பளிச்சுனு தெரியும். பாட்டு வந்திச்சுன்னா தேயிலச் செடி மேல அத விரிப்பாங்க. வரலன்னா மடிச்சுக் கக்கத்துல வச்சுக்குவாங்க. அவ்வளவுதான் தீர்ப்பு, விரிக்கிறது வருஷத்துக்கு ஒரு செட்டுக்குத்தான். கீழ கிளாக்கரய்யா, சின்னதொரைகிட்ட எரவல் வாங்குன தூரக்கண்ணாடிய வச்சுக்கிட்டு, "விரிக்கிறா... இல்லை இல்லை, மடிக்கிறா"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. கொஞ்ச வருஷத்துல அவரே மாறிட்டாரு. "அவ விரிச்சா விரிச்சதுதான்"னு மத்தவங்களோட சண்டைக்குப் போவாரு.

அந்த ஞாயித்துக்கெழமைங்க இன்னும் எனக்குக் கனவுல வருது. மொதல்ல ஒண்ணுமே கேக்காது. ஆத்துச் சத்தம், டர்பன்டைன் மரத்துல காத்து. பனி வந்து மைதானத்த மூடிக்கிட்டு, மேடை எங்க ஆளு எங்கன்னு தெரியாது. வெறும் வெள்ள. அந்த வெள்ளைக்குள்ளயிருந்து ஒரு கொரலு மெதுவாக் கெளம்பி வரும். ஆத்துல எறங்கி, நனையாம ஏறி, நாலாம் நம்பர் மலைய வளைஞ்சு, செடிக்குச் செடி தொட்டுக்கிட்டு நம்ம பக்கம் வரும். யாரு பாடுறதுன்னு தெரியாது. பாடுறவனே இல்லாம பாட்டு மட்டும் நடந்து வர்ற மாதிரி இருக்கும். தொட்டில்ல கெடக்குற பிள்ளைங்ககூடக் கண்ண முழிச்சுக் கூரையப் பாக்கும். அக்கா திரும்பி நின்னுக்கிட்டு, "வருது தம்பி... வருது... வந்திருச்சு"ன்னு, யாரோ சொந்தக்காரங்க பஸ்ஸவிட்டு எறங்கி வர்ற மாதிரிச் சொல்லுவாங்க.

பதுளையில ஒரு செட்டு முதலாளி இருந்தாரு. மோதிரம், செண்ட்டு, எல்லாம் இருந்திச்சு. ரெண்டு வருஷம் அக்கா மடிச்சிட்டாங்க. மூணாம் வருஷம் ஒரு பட்டுச் சேலையோட பிள்ளைக்காம்பராவுக்கே மூச்சு வாங்க ஏறி வந்துட்டாரு.

"ஆயம்மா, இது நம்ம வீட்டுப் பொம்பள குடுத்து விட்டது. சும்மா, ஒரு பிரியத்துக்கு."

அக்கா சேலையப் பிரிச்சு, மடியில கெடந்த பிள்ள மேல போத்திப் பாத்தாங்க. "ரொம்ப நல்லா இருக்குங்க முதலாளி. இதக் கட்டிக்கிட்டு நின்னா மட்டும் உங்க பாட்டு ஆத்தத் தாண்டிருமா?"

அவரு எறங்கிப் போகையில அக்கா கூப்புட்டு, "முதலாளி, உங்க பாட்டுக்காரன் நல்லவன். அந்த ரெண்டு பெரிய மேளத்தக் கொஞ்சம் அமத்தச் சொல்லுங்க, அவன மூடுது"ன்னாங்க. அந்த ஆளு அமத்துனாரு. அந்த வருஷம் அக்கா விரிச்சாங்க. சேலையத் திருப்பிக் குடுத்தாச்சு, அதுல யாரும் கத கட்ட வேணாம்.

இன்னொரு வருஷம் பண்டாரவளையிலயிருந்து ஒரு சிங்களப் பொடியனுங்க செட்டு வந்திச்சு. அக்கா விரிச்சுட்டாங்க. நம்ம எளவட்டப் பொடியனுங்க குதிச்சானுங்க. "நம்ம விழாவுல கடைசியில சிங்களப் பாட்டா ஆயம்மா? காலம் கெட்டுக் கெடக்குறது தெரியலையா?" அக்கா, "எனக்கும் ஒரு வார்த்த வெளங்கலடா. ஆனா எல்லா வார்த்தையும் வந்திச்சு. கங்காணித் தாத்தா அழுதாரு, அவருக்கும் வெளங்கல"ன்னாங்க. விழா அன்னைக்கி சாயந்தரம், அந்தப் பாட்டப் பாடிக்கிட்டுப் போன நம்ம ஆளுங்க பஸ்ஸ, செக்பொயின்டுல நின்ன ஆமிப் பொடியனுங்க நிப்பாட்டாமயே விட்டுட்டானுங்கன்னு ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ, நான் அந்த பஸ்ஸுல இல்ல.

இப்புடி எட்டு வருஷமோ ஒம்பது வருஷமோ. விழா அன்னைக்கி அக்கா மைதானத்துக்கு எறங்குறதே இல்ல. தொங்க லயத்துல நடக்க முடியாதவங்க, பிள்ள பெத்துக் கெடக்குறவங்க, எல்லாரையும் தூக்கிக்கிட்டு வந்து பிள்ளைக்காம்பரா வாசல்ல கம்பளி விரிச்சு ஒக்கார வச்சுருவாங்க. சாயத்தண்ணி, பால் ஊத்தாத தேத்தண்ணி, ஊத்திக் குடுப்பாங்க. கீழ எத்தனை சனம் நின்னாலும் அவங்களுக்கு விழா அந்த வாசல்லதான்.

சரி. இனி என் மகன் கதைக்கு வரணும். வராம இருக்கத்தான் இவ்வளவு நேரம் சுத்துனேன்.

என் மகன் படிப்புல சுமாரு. ஆனா பாட்டுன்னா உசிரு. அஞ்சாறு பொடியனுங்களச் சேத்துக்கிட்டு ஒரு செட்டு போட்டான். எங்கேயோ பழைய ஓர்கன் பொட்டி ஒண்ணு வாங்கி, ரெண்டு கட்டை வேல செய்யாது, அதத் தவிர்த்துத் தவிர்த்து வாசிப்பான். சொந்தமாப் பாட்டுக் கட்டுவான். ரெண்டாயிரம் பொறந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். அவன் என்கிட்ட வந்து, "அப்பா, இந்த வருஷம் கடைசி செட்டு கெடைக்கலன்னா நான் பொட்டிய வித்துட்டுக் கொழும்புல கடைக்கு வேலைக்குப் போயிருவேன். தோட்டத்து வேலைக்குப் பேரும் பதிய மாட்டேன், பாடவும் மாட்டேன்"னான். எங்க பக்கத்துப் பொடியனுங்க அப்புடித்தான் ஒவ்வொண்ணாக் கோச்சியேறி, ரயிலேறிப் போனாங்க. போனவன் சாமான் தூக்கித் தூக்கி இடுப்பொடிஞ்சு திருவிழாவுக்கு மட்டும் வருவான். இருக்குறது ஒரு மகன்.

பாடிக் காட்டுற ஞாயித்துக்கெழமை வந்திச்சு. நானும் அக்காவும் பிள்ளைக்காம்பரா வாசல்ல நிக்கிறோம். அந்த நேரம் பாத்து ஒரு பிள்ளைக்குக் காச்சல்ல இழுத்துருச்சு. தாய்க்காரி கத்துறா. தோட்டத்து லொறி பதுள ஆஸ்பத்திரிக்குப் போகுது, அக்கா பிள்ளையத் தூக்கிட்டாங்க. தூக்குன கையோட இன்னொரு கையால படங்க அவுத்து என்கிட்ட நீட்டுனாங்க.

"தம்பி, எத்தன வருஷமா எம் பக்கத்துல நின்ன. வந்தா விரி. வரலன்னா மடி."

"அக்கா... என் மகன் செட்டும் பாடுதுக்கா இன்னைக்கி."

"பாடட்டும். காது உன் காதுதானே?"

சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாங்க.

அந்த வருஷம் கடைசி எடத்துக்கு மூணு செட்டு. மொதல்ல பசற செட்டு, அது ஆத்தோட நின்னுருச்சு. மடிச்சேன். ரெண்டாவது மொனராகல செட்டு, ஒரு பொம்பளப் பிள்ள பாடுனா. என்னத்தச் சொல்ல, பக்கத்துல நின்னு காதுக்குள்ள சொன்ன மாதிரி வந்திச்சு. நான் விரிச்சிருக்கணும். "கடைசியா ஒண்ணு இருக்குல்ல, கேட்டுட்டு விரிப்போம்"னு கையிலயே வச்சுக்கிட்டேன். அப்பவே எம் மனசு கோணிருச்சு.

மூணாவது என் மகன். ஆரம்பிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டிச்சு. வீட்டுல, பீலியில, ராவும் பகலும் அவன் பாடிப் பாடி எனக்குப் பாடமான பாட்டு. வந்திருச்சு, வந்திருச்சுன்னு நானே சொல்லிக்கிறேன். அப்பப் பாத்து வெறகுக் கட்டத் தலையில வச்சுக்கிட்டு ஒரு பொம்பள அந்தப் பாதையில போனா. நின்னு, காதக் குடுத்துக் கேட்டுட்டு, "என்னண்ணே அது, யாரோ தகரத்தத் தட்டுற மாதிரிக் கேக்குது? வார்த்த ஒண்ணும் வெளங்கலியே"ன்னுட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம் நானும் கேட்டேன். என் நெஞ்சுல ஓடுற பாட்ட நிப்பாட்டிட்டு, காதால மட்டும் கேட்டேன். டொம்மு டொம்மு. வார்த்த வரல. தெரியாமச் செஞ்சேன்னு நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் படங்க விரிச்சேன். நல்லா நாலு மூலையும் இழுத்து விரிச்சேன். கீழ மைதானத்துல பொடியனுங்க கத்துன சத்தம் மட்டும் நல்லாக் கேட்டிச்சு.

அக்கா ரெண்டு நா கழிச்சுத்தான் வந்தாங்க, பிள்ள பொழச்சுக்கிட்டான். "யாருக்குத் தம்பி விரிச்ச?"ன்னாங்க. "மகன் செட்டுக்குக்கா"ன்னேன். "சரி"ன்னாங்க. படங்க வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல.

விழா அன்னைக்கி நான் வெள்ள வேட்டி கட்டி முன்னுக்கு நிக்கிறேன். எல்லாரும் முதுகுல தட்டுறானுங்க. கொழும்பு முதலாளி வேனவிட்டு எறங்கிட்டாரு. அந்த மொனராகலப் பிள்ள கடைசிக்கு முன்னுக்குப் பாடப் போறா, அடுத்தது என் மகன். மேடைக்குப் பின்னாலயிருந்து என்னையப் பாத்துச் சிரிச்சான். எனக்கு அங்க நிக்க முடியல. எதிர்மலையில வாசல் நெறைய ஒக்காந்து காத்துக்கிட்டு இருப்பாங்களே, அது ஒண்ணுதான் கண்ணுக்குள்ள நிக்குது. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆத்துல எறங்கி மலையேற ஆரம்பிச்சேன். அந்தப் பிள்ளையோட பாட்டு எங்கூடவே ஏறி வந்திச்சு, பாதி மலை வரைக்கும் தொணைக்கு வந்திச்சு. என் மகன் மேடை ஏறுனத நான் பாக்கல. இன்னை வரைக்கும் பாக்கல.

நான் போய்ச் சேர்றப்ப அவன் செட்டு ஆரம்பிச்சிருச்சு. வாசல்ல எட்டுப் பத்துப் பேரு. கங்காணித் தாத்தா கம்பளிக்குள்ள, பக்கத்துல பச்ச ஒடம்புக்காரி ஒருத்தி பிள்ளையோட. எல்லாரும் மைதானத்துப் பக்கம் காத நீட்டிக்கிட்டு இருக்காங்க. டொம்மு டொம்மு. வேற ஒண்ணும் வரல. ஒருத்தரும் குத்தம் சொல்லல, இன்னும் கொஞ்சத்துல வந்துரும்னு அவங்க பாட்டுக்கு ஒக்காந்திருக்காங்க. அதான் என்னையக் கொன்னிச்சு.

"ஆயம்மா, இன்னைக்கிப் பாட்டு வரலியே. எங் காதுதான் போச்சா?"ன்னு கங்காணித் தாத்தா கேட்டாரு.

அக்கா முதுகத் திருப்பி நின்னவங்க திரும்பல. திரும்பாமயே, "தம்பி வந்துட்டான் தாத்தா. அவனுக்கு இந்தப் பாட்டுத் தெரியும். சொல்லுவான்"னாங்க.

எனக்குப் பாட வராது. தாத்தா பக்கத்துல குந்துனேன். கீழயிருந்து வர்ற டொம்மு டொம்ம வச்சு எந்த எடத்துல பாடுறான்னு புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு வரியாச் சொன்னேன்.

மேட்டு லயத்து வெளக்கெரியுது,
மேகம் வந்து மறைக்குது.
மறச்சா என்ன, மறைக்கட்டுமே,
மனசுக்குள்ள தெரியுது.

"நல்லா இருக்கே. யாரு கட்டுன பாட்டு?"ன்னாரு தாத்தா.

"என் மகன் கட்டுனது தாத்தா."

"மெதுவாச் சொல்லு. ரெண்டாவது வரிய இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். மூணு பாட்டும் சொன்னேன். நிப்பாட்டிட்டா அக்கா திரும்பிருவாங்களோன்னு பயந்துக்கிட்டே சொன்னேன். பனி வந்து எங்களையும் மைதானத்தையும் ஒண்ணா மூடிக்கிச்சு. அந்தப் பச்ச ஒடம்புக்காரி பிள்ளைய ஆட்டிக்கிட்டே நான் சொன்ன வரியத் திருப்பிச் சொல்றா.

மறுநா பெரட்டுக்கு எட்டுத் தோட்டமும் வந்த மாதிரிக் கூட்டம். கொழும்பு முதலாளி என் மகனக் கூப்புட்டுட்டாரு, அந்தச் சேதி தெரிஞ்சுபோச்சு. கிளாக்கரய்யாகூட வந்து நிக்கிறாரு. வருஷா வருஷம் அக்கா என்ன சொல்லப் போறாங்கன்னு கேக்குறது வழக்கம். என் மகனும் முன்னுக்கு வந்து நின்னான். முதலாளி கூப்புட்டதவிட இதத்தான் அவன் காத்துக்கிட்டு இருந்தான். அக்கா பொய் சொல்ல மாட்டாங்க. வரலன்னா எட்டுத் தோட்டத்துக்கு முன்னாலயும் வரலன்னுதான் சொல்லுவாங்க.

"என்னா ஆயம்மா, நேத்து எப்புடி?"ன்னாரு தலைவரு.

"ஒரு வார்த்த விடாமக் கேட்டிச்சு"ன்னாங்க அக்கா. "கங்காணித் தாத்தா ரெண்டாவது வரிய இன்னொருக்காச் சொல்லச் சொன்னாரு."

எல்லாரும் கையத் தட்டுனாங்க. என் மகன் ஓடி வந்து அக்கா காலத் தொட்டுக் கும்புட்டான். அக்கா என்னையப் பாக்கவே இல்ல. பிள்ளைக்காம்பராவுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாங்க.

அடுத்த வருஷமும் அந்த ஞாயித்துக்கெழமைக்கு என்னையக் கூட்டிக்கிட்டுத்தான் போனாங்க. பேச்சு, சிரிப்பு எல்லாம் முன்ன மாதிரித்தான். படங்கு மட்டும் அவங்க இடுப்பவிட்டு அவுந்து என் கைக்கு வரல. விழா அதுக்கப்புறம் மூணு வருஷமோ என்னமோ நடந்திச்சு. அக்கா மொனராகலையில மக வீட்டுக்குப் போயி, அங்கேயே கண்ண மூடிட்டாங்க.

என் மகன் இப்பக் கொழும்புல ஹோட்டல்ல வாசிக்கிறான், கல்யாண வீடுங்களுக்கு வாசிக்கிறான், நல்லா இருக்கான். ஞாயித்துக்கெழமை போன் எடுப்பான். அக்கா போன சேதி கேட்டு ரொம்ப நேரம் அழுதான். எனக்கு அதுக்கு மேல வச்சுக்க முடியல.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி உன் பாட்டு எதிர்மலைக்கு வரலடா."

"என்னப்பா சொல்றீங்க?"

"வரல. நான் சும்மா விரிச்சேன்."

மெதுவாக் கேட்டான்.

"ஆயம்மா பொய் சொல்ல மாட்டாங்களேப்பா?"

"ஆமாடா"ன்னேன். "அவங்க பொய் சொல்லல."